யாரும் இறங்கக் கூடாத வயல்

தாசில்தார் உத்தரவு வந்த அன்று பயிர் முழங்கால் உயரம் நின்றது. விசாரணை முடியும்வரை இரண்டு தரப்பில் யாரும் வயலில் கால் வைக்கக் கூடாது. தண்ணீர் கட்டுவதும் வடிப்பதும் தலையாரி நாகநாதன் பொறுப்பு. மீறி இறங்குகிற தரப்புக்கு வழக்கு அதோடு தள்ளுபடி. இதைத் தலையாரி தமுக்கு அடிக்காத குறையாக ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, மடைக்குப் பக்கத்துப் பூவரச மரத்தடியில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். உத்தரவு மனிதர்களுக்கு. எலிகளுக்கு யாரும் சொல்லவில்லை.

நன்னிலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் கரையில் இருக்கிறது அந்த ஆறு மா, இரண்டு ஏக்கர் நிலம். டவுனில் இருக்கும் சைத்தூன் பீவிக்குச் சொந்தம். புருஷன் போன பிறகு அந்தம்மாவுக்குச் சோறு அந்த நிலத்தின் குத்தகை நெல்தான். உழுது நட்டு வந்தது மருதையன் குடும்பம். மருதையனின் அப்பா காலத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அறுப்பு முடிந்ததும் வண்டியில் நெல் போகும், பீவி வீட்டிலிருந்து வெற்றிலை பாக்கு வரும், அதுதான் பத்திரம்.

குத்தகைக்காரன் பேரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தாலும் வந்தது, இரண்டு பக்கமும் ஆண்பிள்ளைகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. டீக்கடையில் கறுப்பு சிவப்புக் கொடிக்குக் கீழே உட்கார்ந்து ஒருத்தர் பேப்பரைச் சத்தம் போட்டுப் படிப்பார், எதிரில் சங்கத்துக்காரர்கள் செங்கொடியோடு நிற்பார்கள். மருதையன் சங்கத்தில் சேர்ந்து பதிவுக்கு மனு போட்டான். அதே சமயம் பார்த்து, பினாங்கில் கடையை மூடிவிட்டு வந்து சேர்ந்தார் ஜெய்னுலாபுதீன், பீவியின் கொழுந்தன். மருதையன் குத்தகைக்காரனே இல்லை, கூலிக்கு வந்த ஆள், இனி நிலத்தைச் சொந்தப் பண்ணையாக நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எதிர் மனு போட்டார். நிலத்துக்காரி பீவிதான். ஆனால் மனுவில் கையெழுத்துப் போடுவதைத் தவிர அந்தம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மருதையன் பெண்டாட்டி அமிர்தத்தையும் யாரும் கேட்கவில்லை. அவள் நட்ட பயிர் அது. நாற்று முடியைக் கையில் வாங்கி, குனிந்த முதுகு நிமிராமல் நட்டாள். இப்போது ரோட்டோரம் நின்று அதை வேடிக்கை பார்க்க வேண்டியிருந்தது. களை எடுக்க முடியாமல் அவள் கை சும்மா இருந்ததில் அவளுக்கு வந்த அலுப்பு, நாள் முழுக்க வேலை செய்தால் வருகிற அலுப்பைவிட மோசமாக இருந்தது.

கிட்டிக்காரன் பஞ்சநதம் ஒருநாள் தோளில் மூங்கில் கிட்டிக் கட்டோடு அந்த வழியாக வந்தான். வில்லைப்போல வளைத்துக் கயிறு கட்டிய எலிப்பொறி அது. சாயங்காலம் வரப்போரம் நட்டுவிட்டு விடியற்காலையில் வந்தால், கழுத்து இறுகின எலிகள் கிடக்கும். சுற்று வட்டாரத்தில் எல்லா வயலிலும் அவன்தான் வைப்பான். ரோட்டில் நின்றபடியே வரப்பைப் பார்த்தவன் உச்சுக்கொட்டினான்.

"என்ன பஞ்சநதம்?" என்றாள் ரோட்டோரம் நின்ற அமிர்தம்.

"அந்தா பாருங்கக்கா, புது மண்ணு. வரப்போரம் கும்பல் கும்பலாத் தள்ளியிருக்கு பாருங்க. உள்ள ஆளு இருக்குன்னு அர்த்தம். எலி உள்ள போயி வளை வாய மண்ணால அடச்சிக்கும்."

"நாலஞ்சு இருக்குமா?"

"இப்ப நாலஞ்சுதான். தொண்டைக் கதிரு வரட்டும், அப்பறம் பாருங்க. பயிரு சூல் கொள்ளுறப்பதான் அதுவும் சூல் கொள்ளும். எப்புடித்தான் அதுக்குத் தெரியுமோ. வெளிய வராத கதிரு தொண்டையில இனிப்பா இருக்குமுல்ல, அதத் தின்னுட்டுதான் கருத் தரிக்கும். மூணு வாரம் சுமக்கும். கதிரு வெளிய வர்றப்ப குட்டி போட்ரும். எட்டு, பத்து, சிலது அதுக்கும் மேல. பொறந்தா ரோமம் இருக்காது, கண்ணு தொறக்காது, நம்ம சுண்டு விரலாட்டம் செவப்பாக் கெடக்கும். அது கண்ணத் தொறக்கறதுக்குள்ள ஆயிக்கு அடுத்த சூலு."

"பெத்த ஒடம்பு ஆறுறதுக்குள்ளயா?"

"ஆற எங்க விடுது? பால் குடுத்துக்கிட்டே அடுத்தத சுமக்கும். மொத ஈட்டுக் குட்டிவோ அறுப்புக்குள்ள தனி வளை தோண்டிப் போயிரும். தை பொறக்கறப்ப அதுவோளும் குட்டி போட ஆரம்பிச்சிடும்."

அமிர்தத்துக்கு அந்த ஆயி எலி மேல் ஒரு கணம் பாவமாகவும் அடுத்த கணம் எரிச்சலாகவும் இருந்தது. அவளுக்குப் பிறந்தது இரண்டு, தங்கினது ஒன்று. அந்த ஒன்றும் கல்யாணமாகிப் பூம்புகார் பக்கம் போய்விட்டது.

"அப்ப இப்பவே கிட்டி வச்சிரு. யாரு வேணாங்கறா? நீ ரெண்டு தரப்பும் இல்லியே. உத்தரவு ஒனக்கு இல்ல."

பஞ்சநதம் சிரித்தான். "கூலி யாரு அளப்பா?"

அங்கேதான் சிக்கல். விதை யார் விட்டது, நாற்று யார் நட்டது என்று எந்த வயலிலும் ஆயிரம் தகராறு வரும். கிட்டிக்காரன் யார் கையில் கூலி நெல் வாங்கினான் என்று கேட்டால் அந்த வட்டாரத்தில் பேச்சு முடிந்துவிடும். அவன் எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லை, பொய் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கிட்டிக் கூலி அளக்கிற கை சாகுபடி செய்கிற கை என்பது வழக்கம். மருதையன் அளந்தால் ஜெய்னுலாபுதீன் விடமாட்டார். அவர் அளந்தால் மருதையன் விடமாட்டான். சும்மா வைக்கச் சொன்னால் பஞ்சநதம் ஒப்பமாட்டான். கூலியில்லாமல் வைத்தால் யாரோ ஒரு தரப்புக்கு ஆளாகிவிட்டான் என்று பேர் வரும், அப்புறம் வேறு வயலில் அவனைக் கூப்பிடமாட்டார்கள்.

அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அமிர்தம் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். "ஆளுக்குப் பாதி அளப்போம். அவங்க கை பாதி, நம்ம கை பாதி. எலிய மட்டும் புடிச்சிட்டுப் போகட்டும்."

"பாதி அளந்தா பாதிதான் நம்மளுதுன்னு ஆயிடும்டி. சங்கத்துல கேட்டா செருப்பால அடிப்பான்."

"வயலு எலிக்குப் போயிடும்யா."

"எலி என்ன வழக்காப் போடப்போவுது? விசாரண முடியட்டும்."

அவனிடம் பேசுவதும் மடையில் போய்ப் பேசுவதும் ஒன்று. பஞ்சநதத்தையே டவுனுக்கு அனுப்பி பீவியிடம் பாதிக் கூலி கேட்கச் சொன்னாள். அவன் வெறுங்கையோடு திரும்பி வந்தான். வீட்டு வாசலிலேயே ஜெய்னுலாபுதீன் உட்கார்ந்திருந்தாராம். பாதி கொடுத்தால் பாதிக் குத்தகையை ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்றாராம். ஊர் இரண்டு, சாமி இரண்டு, கொடி இரண்டு, ஆனால் வாயில் வந்த வார்த்தை மட்டும் ஒன்றே ஒன்று.

"பீவிம்மா என்ன சொன்னாங்க?"

"கதவுக்குப் பின்னால நின்னாங்க. ஒண்ணும் சொல்லல. நான் கெளம்பறப்ப, பயிரு எப்படிப்பா இருக்குன்னு மட்டும் கேட்டாங்க."

பயிர் தொண்டை கட்டியது. கதிர் வந்தது. பூத்தது. ரோட்டில் நின்று பார்த்தவர்கள் எல்லாரும் அந்த வருஷம் அப்படியொரு சம்பாவைப் பார்த்ததில்லை என்றார்கள். வரப்போரத்துப் பயிர் கதிர் சாய்ந்து, காற்றுக்கு மொத்தமாக அசைந்தது. அதைப் பார்க்கப் பார்க்க இரண்டு தரப்புக்கும் வீம்பு ஏறியது. மருதையன் டீக்கடையில் மகசூல் கணக்குச் சொன்னான். ஜெய்னுலாபுதீன் வில்வண்டியில் வந்து இறங்கி, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பார்த்துவிட்டுப் போனார்.

அமிர்தம் மட்டும் வரப்பைப் பார்த்தாள். புது மண் கும்பல்கள் முதலில் மடைக்குப் பக்கம் இருந்தன. பிறகு எதிர் வரப்பில் வந்தன. பிறகு எண்ணிப் பார்ப்பதை அவள் விட்டுவிட்டாள்.

ஒருநாள் உச்சி வெயிலில் தலையாரி சோற்றுத் தூக்கைக் கழுவி வைத்துவிட்டுச் சாக்கில் சாய்ந்தார். குறட்டை வந்தது. அமிர்தம் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

நாலு வரிசைப் பயிரை விலக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் கை விலக்குவதற்கு ஒன்றும் இல்லை. வயலின் நடு முழுக்கக் களம் மாதிரிக் கிடந்தது. அடித்தண்டை அரிவாளால் சாய்வாகச் சீவினது போல ஒவ்வொரு குத்தாக அறுத்து, கதிரை மட்டும் இழுத்துக்கொண்டு போயிருந்தன. தாள் அழுகிக் கிடந்தது. எலி எப்போதும் ஓரத்தைத் தொடாது. நடுவில் உட்கார்ந்து தின்றால்தான் அதற்குப் பயமில்லை. சுற்றிலும் நிற்கிற நாலு வரிசைதான் ஊர் பார்த்து மெச்சின சம்பா.

அமிர்தத்துக்கு அழுகை வரவில்லை. உட்கார்ந்தால் தேவலை என்று மட்டும் தோன்றியது. உட்கார இடமில்லாமல் வரப்பு வரைக்கும் போனாள். அடைத்திருந்த ஒரு வளையின் வாயைக் கையால் பறித்தாள். முழங்கை ஆழத்தில் நெல் தாளைக் கிழித்துப் பரப்பின மெத்தை. அதில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குட்டிகள், பஞ்சநதம் சொன்ன மாதிரியே சுண்டு விரலாக, சிவப்பாக, கண் திறக்காமல். தொட்டதும் ஆயி வந்துவிட்டது என்று நினைத்து வாயைத் திறந்து தேடின. அதற்குப் பக்கத்து அறையில் கதிர். அள்ளிக் கட்டினால் ஒரு கட்டுக்கு வரும், அவ்வளவு பாங்காக அடுக்கி வைத்திருந்தது. அவள் நட்ட கதிர்.

நசுக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் வயலெல்லாம் வளை. இந்த ஒன்றை அழித்து என்ன ஆகப்போகிறது? வரப்பு பறித்துக் கிடந்தால் தலையாரி பார்ப்பார், யார் இறங்கினது என்று கேட்பார், வழக்கும் போகும். அமிர்தம் பறித்த மண்ணையே அள்ளி, ஈரம் தடவி, வாயை முன்னால் இருந்த மாதிரியே அடைத்தாள். தன் வயலைத் தின்கிற எலிக்குத் தானே கதவைச் சாத்திவிட்டு ரோட்டுக்கு ஏறினாள்.

மருதையனிடம் சொல்லவில்லை. சொன்னால் சங்கத்தைக் கூட்டிக்கொண்டு தலையாரி மேல் பாய்வான், இறங்கினது வெளியே வரும். சொல்வதற்கு அவளுக்குத் தெம்பும் இல்லை. இனி நெல் இல்லை. பேராவது பதிவானால் அடுத்த வருஷம் நடலாம். அது ஒன்றைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். ராத்திரியில் புரளும்போது கூட அதையே நினைத்துக்கொண்டாள்.

பயிர் பழுக்கத் தொடங்கின சமயம் வில்வண்டி வந்தது. ஜெய்னுலாபுதீனோடு, வெள்ளைத் துப்பட்டியைத் தலைக்குப் போட்டுக்கொண்டு சைத்தூன் பீவியும் இறங்கினார். அந்தம்மா வயலுக்கு வந்து பல வருஷம் ஆயிற்று. தலையாரி எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஆள்விட்டு மருதையனையும் அமிர்தத்தையும் வரச்சொன்னார்கள்.

பேசினது பீவிதான். வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தே பேசினார்.

"மருதையா, இந்தக் கோர்ட்டு கச்சேரி எனக்கு அலுத்துப்போச்சுப்பா. எம் பொண்ணு லத்தீஃபாவுக்கு நிக்காஹ் வச்சிருக்கேன். கல்யாணச் சோத்துக்கு நெல்லு வேணும். இந்த வெள்ளாமை மொத்தத்தையும் எனக்கு விட்ரு. ஒரு மணி நீ தொடக் கூடாது. அதுக்குப் பதிலா ஒம் பேரப் பதிஞ்சிக்க. நாளைக்கே தாசில்தார் ஆபீசுல நானே வந்து சொல்லிடறேன். வழக்க வாபஸ் வாங்கிடலாம்."

ஒரு வெள்ளாமைக்குப் பதில் ஆயுசுக்கும் நிலம். மருதையன் ஜெய்னுலாபுதீனைப் பார்த்தான். அவர் முகம் கடுகடுவென்று இருந்தாலும், கண் வரப்போரத்துக் கதிரில் நின்றது.

"எனக்கு இஷ்டமில்லதான்," என்றார் அவர். "வழக்கு நடத்துனா ஜெயிப்போம். ஆனா இவ்ளோ நல்ல வெள்ளாமை கையில வருதுன்னு அவங்க சொல்றாங்க. சரின்னேன். பேச்ச இன்னிக்கே முடிச்சிக்கணும்."

"சம்மதங்க மொதலாளி. சத்தியமாச் சம்மதம்," என்றான் மருதையன். அமிர்தத்தின் பக்கம் திரும்பி, இருபது வருஷத்தில் சிரிக்காத ஒரு சிரிப்புச் சிரித்தான்.

அமிர்தம் சிரிக்கவில்லை. அவள் பீவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தம்மாவின் துப்பட்டி ஓரம் நைந்திருந்தது. அறுப்புக்கு ஆள் இறங்கினதும் தெரிந்துவிடும். அப்போது பேர் பதிந்திருக்கும், யாரும் ஒன்றும் செய்ய முடியாது. கல்யாணப் பந்தலில் சோறு இருக்காது. லத்தீஃபா சின்னப் பிள்ளையாக வெற்றிலை பாக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடிவந்தது அவள் கண்ணில் நின்றது. குத்தகைக்காரன் பதரை அளந்துவிட்டு நெல் என்பான் என்று ஜெய்னுலாபுதீன் மாதிரி ஆட்கள் காலமெல்லாம் சொல்லி வந்த பேச்சு. அதை மெய்யாக்கிவிட்டு அந்த மண்ணில் அடுத்த வருஷம் எப்படி நாற்று நடுவது?

வாயை மூடிக்கொண்டிருந்தால் நிலம். அவ்வளவுதான். வேறு எதுவும் செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும்.

"பீவிம்மா," என்றாள். "உள்ள ஒண்ணும் இல்லம்மா. நடு வயலு பூரா எலி தின்னுட்டுது. இந்த ஓரந்தான் நிக்கிது. இத நம்பிக் கல்யாணத்த வச்சிக்காதீங்க."

மருதையன் அவளை அடிக்கக் கையை ஓங்கவில்லை. அதுவே அதிகம். அப்படியே ரோட்டு ஓரத்தில் குந்தினான்.

ஜெய்னுலாபுதீன் வரப்போரத்துக் கதிரிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு ரொம்ப நிதானமாகக் கேட்டார். "உள்ள ஒண்ணும் இல்லைன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

தலையாரி நாகநாதன் தலை குனிந்துகொண்டார்.

"ரோட்டுல நின்னா ஓரந்தானே தெரியும். நடு எப்படித் தெரியும்? தலையாரி, நீங்க சாட்சி. இறங்கியிருக்கா. இறங்குனா வழக்குத் தள்ளுபடின்னு உத்தரவுல இருக்கா இல்லியா?"

"இருக்குங்க," என்றார் தலையாரி. அவருக்கு அதைச் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனால் சொன்னார்.

"பேச்சு முடிஞ்சிது." வேட்டியை உதறிக்கொண்டு வண்டிக்காரனிடம் மாட்டைப் பூட்டச் சொல்லப் போனார்.

பீவி நகரவில்லை. வண்டி பூட்டுகிற சத்தம் வருகிற வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அமிர்தத்தின் பக்கத்தில் வந்து, கொழுந்தன் காதில் விழாத குரலில் பேசினார்.

"ஏன் அமிர்தம் சொன்ன?"

"ஒங்க பொண்ணு கல்யாணம்மா..."

"கல்யாணத்துக்கு நெல்ல அப்பவே மண்டியில சொல்லி வச்சிட்டேன். பஞ்சநதம் மறுபடியும் ஒருநா வந்தான், அவனுக்குத் தடையில்லியே, வயல்ல எறங்கிப் பாத்துட்டு. நடுவுல ஒண்ணுமில்ல, ஓரந்தான்னு எல்லாத்தையும் சொன்னான். அறுப்புக்கு முன்னால முடிச்சிட்டா ஒங்க பேரு ஏறிடும், வருஷா வருஷம் எனக்குக் குத்தகை வரும், நானும் ஒரு வாய் நிம்மதியாத் திம்பேன்னு நெனச்சேன். இவரு கைக்குப் போனா எனக்கு என்ன மிஞ்சும்? இந்தக் கதிரக் காட்டித்தான் இவர எறங்கி வர வச்சேன். தெரிஞ்சுதான் வந்தேன், அமிர்தம்."

தன்மேலா, அந்தம்மா மேலா, யார்மேல் கோபப்படுவது என்று அமிர்தத்துக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தை முன்னால் சொல்லியனுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்க நினைத்தாள். தானும்தான் யாரிடமும் சொல்லவில்லை. நெஞ்சு முழுக்க அலுப்பாக இருந்தது.

"வர்றேன்," என்று சொல்லிவிட்டு பீவி வண்டியில் ஏறினார். ஏறும்போது படியில் கால் தடுமாறியது. அமிர்தம் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

வண்டி போயிற்று. மருதையன் அவளைப் பார்க்காமல் எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தான். தலையாரி சாக்கை உதறி மறுபடி விரித்தார். விசாரணை முடிகிற வரைக்கும் அவருக்கு அங்கேதான் வேலை.

ரோட்டை ஒட்டின வரப்பில், எட்டிக் கால் வைத்தால் எட்டுகிற தூரத்தில், ஒரு கைப்பிடிப் புது மண் வெளியே தள்ளப்பட்டிருந்தது. காலையில் அது இல்லை. முதல் ஈட்டுக் குட்டிகளில் ஒன்று தனக்கென்று வளை தோண்டிக்கொண்டு வந்துவிட்டது. அமிர்தம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மிதிக்கவில்லை. இறங்க உத்தரவு இல்லை.